இடியும் இடித்துரையும்

கேள்வி: ‘தலைமையாசிரியர் மாணவனை இடித்துரைத்தார்’ என்று சென்ற இதழ்க் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். இடி முழங்குவதுபோல ஊர் கேட்கத் திட்டுவதுதானே இடித்துரைத்தல்? எதிர்க்கட்சியினரை மேடையில் ஒருவர் தாக்கிப் பேசினால் அதையும் ‘இடித்துரைத்தார்’ என்றே செய்தியில் எழுதுகிறார்கள். நல்லாசிரியர் ஒருவருக்கு இந்தச் சொல் இழுக்கல்லவா?

பதில்: இழுக்கல்ல. அந்த ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை என்பதால்தான் அதை எழுதினேன், மாற்றப் போவதில்லை.

வானத்து இடியும் இடித்துரையும் ஒரே வினையிலிருந்து வந்தவைதாம். ஆனால் நான் இந்தச் சொல்லில் கேட்பது முழக்கத்தை அன்று, உரல் ஓசையை. சிற்றுரலில் சுக்கு இடிப்பவரைப் பாருங்கள்: ஒரு கை உலக்கையைப் போட்டுக்கொண்டிருக்க, மறு கை உரலின் வாயை அணைத்தபடி இருக்கும், ஒரு துணுக்கும் வெளியே தெறித்துவிடக் கூடாது என்பதற்காக. அடி வலுவாகத்தான் விழுகிறது. சுக்கு மருந்தாக வேண்டும் என்பதற்காக விழுகிறது.

‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானுங் கெடும்’ என்ற குறள் (448) பலருக்கு மனப்பாடம். அது வருவது ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில். ஆக இடிப்பவர் அரசனுக்குப் பகைவர் அல்லர், துணைவர். நட்பு அதிகாரமோ, நண்பன் வழி தவறும்போது தானே ‘மேற்சென்று இடித்தற்’காகவே நட்புக் கொள்வது என்கிறது (784). உங்கள் ஐயத்துக்கு நேரான விடை 607ஆம் குறளில் இருக்கிறது. சோம்பி முயற்சியைக் கைவிட்டவர்கள் ‘இடிபுரிந்து எள்ளுஞ்சொல் கேட்பர்’ என்னும் இடத்தில், நண்பர்கள் முதலில் இடித்துச் சொல்லி, அதனால் பயன் காணாதபோதே பின்பு இகழ்ந்து சொல்வார்கள் என்று பரிமேலழகர் பொருள் காண்கிறார். இடிப்பு வேறு, இகழ்ச்சி வேறு; திருத்த முடியும் என்ற நம்பிக்கை உள்ளவரைதான் இடிப்பு.

குறுந்தொகையின் 58ஆம் பாட்டில் வெள்ளிவீதியாரின் தலைவன், காதல் நோயில் தளர்ந்த தன்னைக் கடிந்துகொள்ளும் தோழனை ‘இடிக்கும் கேளிர்’ என்று விளிக்கிறான். வெயில் காயும் பாறையில் உருகும் வெண்ணெயை, கையும் இல்லாமல் வாயும் பேசாத ஒருவன் கண்ணால் மட்டும் காத்துக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது தன் நிலை என்று அவனிடம் சொல்லி அழுகிறான். ஊர் கேட்கத் திட்டியவனிடம் யாராவது இப்படி நெஞ்சைத் திறப்பார்களா?

தவறு பழகிப்போன வழக்கில் இருக்கிறது. பழைய குறையைக் கிளறி நோகச் செய்வதற்குக் ‘குத்திக் காட்டுதல்’ என்ற சொல் உண்டு. தூற்றுவதற்கு வசையும் ஏச்சும் உண்டு. மன்றத்திலும் அவையிலும் பதிவாகும் எதிர்ப்புக்குக் ‘கண்டனம்’ என்னும் வடசொல் நன்றாகவே வேரூன்றிவிட்டது. இத்தனையும் கைவசம் இருக்க, உரிமையுள்ளவர் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றின் பெயரை எடுத்து மேடைப் பகைமைக்குச் சூட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. அந்தச் செய்திகளில் ‘சாடினார்’ என்று எழுதியிருந்தால் போதுமானது.