மிளகாய் பஜ்ஜியும் கோன்யாக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கோத்தகிரிக்காரன். எங்கள் ஊரில் பிராந்தி என்றால் குளிருக்குக் குடிப்பது, அவ்வளவுதான். சென்ற மாதம் என் மைத்துனர் பாரிஸிலிருந்து கோன்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தி ஒரு பாட்டில் கொண்டுவந்தார். வி.எஸ்.ஓ.பி. என்று போட்டிருந்தது. ஐஸும் சோடாவும் சேர்த்து, சூடான மிளகாய் பஜ்ஜியுடன் குடித்தோம். வழக்கமாக வாங்குவதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. பாதி பாட்டில் மிச்சமிருக்கிறது. பிராந்தியில் என்னென்ன வகைகள்? எதற்கு எதைத் தொட்டுக்கொள்வது?

மா., கோத்தகிரி

அன்புள்ள மா.,

பாதியை மிச்சம் வைத்தீர்களே, நல்ல வேளை. பாட்டிலின் மேல் குற்றமில்லை. நாக்கில் சூட்டை உணரும் அதே நரம்புகளைத்தான் மிளகாயின் காரமும் தூண்டுகிறது, மதுவும் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். போதாததற்கு ஐஸ். குளிர்ந்த மதுவிலிருந்து மணம் எழும்பாது. மணம் போய்விட்டால் கோன்யாக்கில் வேறென்ன இருக்கிறது?

பிராந்தி பழத்திலிருந்து பிறப்பது. பழச்சாற்றை நொதிக்கவிட்டு, அதைக் காய்ச்சி வடிக்கிறார்கள். 'எரித்த வைன்' என்று பொருள்படும் டச்சுச் சொல்தான் பிராந்தியாகத் திரிந்தது. நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதிக்கு அடிப்படை, கரும்பாலைக் கழிவுப்பாகான மொலாசஸில் வடித்த சாராயம். அதோடு வாசனையும் நிறமும் சேர்க்கிறார்கள். அதில் பழகிய நாக்கோடு கோன்யாக்கை அவசரமாகக் குடித்தால் அது வாய் திறக்காது.

புதிய பாட்டில் எது வந்தாலும் நான் கேட்பது இரண்டு: எந்தப் பழம்? மரப்பீப்பாயில் எவ்வளவு காலம்? உங்களுடையது பிரான்ஸின் கோன்யாக் வட்டாரத்துப் புளிப்பான வெள்ளைத் திராட்சை. செப்புக் கலத்தில் இரண்டு முறை வடித்து ஓக் பீப்பாயில் வைத்தது. வி.எஸ்.ஓ.பி. என்றால் கலவையில் உள்ள மிக இளைய சரக்குக்கே குறைந்தது 4 வயது. வி.எஸ். என்றால் 2, எக்ஸ்.ஓ. என்றால் 2018 முதல் 10. கோன்யாக் வட்டாரத்துக்குத் தெற்கே காஸ்கனியில் செய்யும் ஆர்மன்யாக்கைப் பெரும்பாலும் ஒரே முறைதான் வடிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் முரடு. உலர்ந்த பிளம்ஸ் அதற்கு ஊர்த்துணை. ஸ்பெயினின் ஹெரெஸ் பிராந்தி, ஷெர்ரி வைன் இருந்த பீப்பாயில் முதிர்வது. அதில் உலர்திராட்சை மணக்கும். ஊட்டிக் கடைகளில் விற்கும் கறுப்புச் சாக்லேட்டோடு அதைத்தான் சேர்ப்பேன்.

பெரு நாட்டுத் திராட்சைப் பிராந்தியான பிஸ்கோ, மரப்பீப்பாயைத் தொடுவதே இல்லை. அதனால் பழ மணம் அப்படியே நிற்கும். மஸ்கட் வகைத் திராட்சையில் செய்த பிஸ்கோவை முதன்முதலில் முகர்ந்தபோது, வத்தலக்குண்டு சந்தையில் பன்னீர் திராட்சைக் கூடையைத் திறந்ததுபோல இருந்தது. நம் கம்பம் பன்னீர் திராட்சையும் மஸ்கட் குடும்பம்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாலை. கொடைக்கானல் மலையின் பண்ணைக்காடு ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. நண்பர் ஒரு கால்வடோஸ் கொண்டுவந்திருந்தார். நார்மண்டியின் ஆப்பிள் பிராந்தி அது. அதிலேயே தோம்ஃப்ரோன் பகுதியில் செய்வதில் குறைந்தது 30 சதவீதம் பேரிக்காய் இருந்தாக வேண்டும். அவர் கொண்டுவந்தது அந்த வகை. கொல்லையில் பறித்த பேரிக்காயை மெல்லிய துண்டுகளாக அரிந்து வைத்தேன். எங்கள் மலைப் பேரிக்காய் வாயில் கரைகிற சாதி இல்லை. கடித்தால் நறநறக்கும், பிறகுதான் சாறு. ஒரு துண்டு, கூடவே கொடைக்கானல் சீஸ் ஒரு சிறு கட்டி, பிறகு ஒரு வாய் கால்வடோஸ். சீஸின் கொழுப்பு மதுவின் எரிச்சலை அடக்க, உள்ளேயிருந்த பேரிக்காய் மணம் தனியே எழுந்து வந்தது. நெடுநேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை.

குளிருக்கு என்று எழுதியிருந்தீர்கள். அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். மது தோலின் இரத்தக் குழாய்களை விரிப்பதால் மேலே கதகதப்பாகத் தெரிகிறது. உண்மையில் உடலின் உட்சூடு வெளியேறிக்கொண்டிருக்கிறது. குழந்தைக்குச் சளி என்று சங்கில் பிராந்தி புகட்டும் வழக்கம் மலையில் இன்னும் எங்காவது இருந்தால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

மிச்சமிருக்கும் பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் மது கார்க்கை அரிக்கும். பாதி காலியான பாட்டிலில் காற்றுப் பட்டு மணம் மங்கிவிடும், ஆகவே வருடக்கணக்கில் காக்க வேண்டாம். வெளியே வண்டி எடுக்க வேண்டியிராத ஓர் இரவில், சாப்பாடு முடிந்தபின், வாய் குறுகிய சிறிய கண்ணாடிக் குவளையில் 30 மில்லி ஊற்றுங்கள். பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்பிலிருந்து முகருங்கள். எரிந்தால் சில சொட்டுத் தண்ணீர் சேர்க்கலாம். தொட்டுக்கொள்ள உங்கள் ஊரிலேயே அருமையான பொருள் இருக்கிறது: வர்க்கி. அதன் கொழுப்பும் அடுப்பில் முறுகிய மணமும், ஓக் மரம் கொடுத்த வனிலா மணத்தோடு சேரும் என்று உறுதியாக நம்புகிறேன். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.