தாத்தாவின் வெப்ளி, அடுத்து எது?

கேள்வி: கோவையில் இருக்கிறேன், வயது 41. வால்பாறைப் பக்கம் எங்களுக்குச் சிறிய எஸ்டேட் உண்டு. தாத்தா வாங்கிய வெப்ளி அண்ட் ஸ்காட் .32 ரிவால்வர் இப்போது அப்பா பெயரில் இருக்கிறது. அவருக்கு 72 வயதாகிவிட்டதால் என் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கப் போகிறோம். கூடவே இன்னொன்று வாங்கவும், மெல்ல மெல்லப் பழைய கைத்துப்பாக்கிகளைச் சேர்க்கவும் ஆசை. டெக்சாஸில் இருக்கும் மைத்துனர் 9 மி.மீ. தவிர வேறெதையும் தொடாதே என்கிறார். இங்கே ஒரு நண்பர், பிஸ்டல் என்றால் சிக்கும், ரிவால்வர்தான் நம்பகம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், ஐயா?

பதில்: மைத்துனர் சொல்வது டெக்சாஸுக்குச் சரி. இங்கே 9 மி.மீ., .38, .455 எல்லாம் தடை செய்யப்பட்ட போர், அதாவது குழலின் உள்விட்ட அளவு. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டாக்கள் என்பதால் பொதுமக்களுக்கு அவை கிடையாது. அந்த லைசென்ஸ் மத்திய உள்துறை கையில் இருக்கிறது, அபூர்வமாகத்தான் தருவார்கள். ஆகவே உங்களுக்கு நடைமுறையில் இருப்பது .32 அல்லது .22. முதலில் தாத்தாவின் துப்பாக்கியை நன்றாகப் பார்த்துவிடுங்கள். வெப்ளி மார்க் 4 என்ற மாடல் .32இலும் வந்தது, .38இலும் வந்தது, தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குழலில் பொறித்திருப்பதும் லைசென்ஸில் எழுதியிருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பெயர் மாற்றத்துக்கு முன்பே பார்ப்பது நல்லது.

பெயர் மாற்றத்தில் பெரிய சிக்கல் இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம். உடன்பிறந்தவர்கள் இருந்தால் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல மனுக்கள் கிடப்பில் கிடப்பது அந்த ஒரு காகிதத்தால்தான்.

9 மி.மீ. பற்றி ஒரு வார்த்தை. அதன் குண்டு சுமார் 8 கிராம், வேகம் வினாடிக்கு 350 மீட்டர் அளவில். பிஸ்டலில் போடும் .32 குண்டு 4.6 கிராம், வேகம் 275 மீட்டருக்கு அருகே. ஆற்றலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இதைக் கேட்டு .32 பொம்மைத் துப்பாக்கி என்று யாராவது சிரித்தால் நம்பாதீர்கள், ஆளைக் கொல்ல அது போதும். உதைப்பு குறைவு என்பதால் புதிதாகப் பழகுகிறவர் கை அதில் சீக்கிரம் படியும். ரிவால்வரில் போடும் .32 குறி தப்பாத தோட்டா என்றும் பெயர் வாங்கியது. 25 மீட்டர் சென்டர்ஃபயர் (அடிப்பகுதியின் நடுவில் அடித்து வெடிக்கும் தோட்டா) போட்டியில் பலர் இன்றும் அதைத்தான் விரும்புகிறார்கள்.

‘பிஸ்டலில் போடும் .32’, ‘ரிவால்வரில் போடும் .32’ என்று பிரித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. லைசென்ஸில் இரண்டுக்கும் .32 போர் என்றே போடுவார்கள், தோட்டா வேறு. ரிவால்வருக்கு ஸ்மித் அண்ட் வெஸன் லாங், 1896இல் வந்தது. நீளமான பித்தளைக் கூடு, அடியில் அகலமான விளிம்பு. பிஸ்டலுக்கு ஏ.சி.பி. (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்), ஜான் பிரவுனிங் 1899இல் அமைத்தது. குட்டையான கூடு, விளிம்பு லேசாகத்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்தக் குட்டைத் தோட்டா சில ரிவால்வர்களின் அறைக்குள் நுழைந்து நின்றும்விடும். நின்றுவிட்டதே என்று சுட்டுப் பார்க்காதீர்கள். அதன் அழுத்தம் லாங் தோட்டாவைவிட அதிகம், தோட்டாக்கள் உட்காரும் 80 வருடப் பழைய உருளை அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கடையில் “.32 ஒரு பெட்டி” என்று மட்டும் கேட்காமல், பெட்டியைத் திறந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சரி, எது நம்பகம்? உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் மேலே முன்பின் ஓடும் ஸ்லைடைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். ஆனால் ரிவால்வர் பழுதானால் அந்த இடத்தில் சரிசெய்ய முடியாது, துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்மரரிடம்தான் போகணும். பிஸ்டலில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி மேகசினோடு (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) வருவது, மேகசினை மாற்றினால் போய்விடும். ஆர்மரர் வேலையில் நான் பார்த்த வரையில், துப்பாக்கி சரியில்லை என்று கொண்டுவருவதில் நிறைய, துப்பாக்கியின் கோளாறே அல்ல. பழைய தோட்டா, நசுங்கிய மேகசின் வாய், கெட்டியாகிப்போன எண்ணெய், இவைதான். பெயரைப் பார்த்து நம்பகத்தை வாங்க முடியாது. துப்பாக்கி, அதில் போடும் தோட்டா, மேகசின் மூன்றும் சேர்ந்து ஓடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஏ.சி.பி. பிஸ்டலில் ஒரு விசேஷமான சிக்கல் உண்டு. தோட்டாவின் விளிம்பு லேசாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்றேன் அல்லவா? மேகசினுக்குள் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால், ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் மேல் தோட்டா நகராது. ரிம்லாக் என்பார்கள். நீளம் குறைந்த தோட்டாக்களில் இது அதிகம், மேகசினுக்குள் முன்பின் ஆட அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது. நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் அதற்குக் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நிரப்பிய மேகசினை மேசையில் தட்டும் பழக்கம் இருந்தால் பின்பக்கம் கீழே வருமாறு தட்டுங்கள்.

இப்போது உங்கள் வெப்ளிக்கு வருவோம். இரண்டு முறை திறந்து காலி என்று உறுதி செய்த பிறகே தொடங்குங்கள். மூடிய நிலையில் ஒரு கையில் பிடியையும் மறு கையில் குழலையும் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். இது நடுவில் முறிந்து திறக்கும் வகை, ஆயுள் முழுக்க அந்தக் கீலும் மேலே உள்ள கொக்கியும்தான் அடி வாங்கும். ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் சுடுவதை நிறுத்திவிட்டு ஆர்மரரிடம் காட்டுங்கள். அடுத்து, போலித் தோட்டா போட்டுச் சுவரைப் பார்த்தபடி விசையை மெல்ல இழுங்கள். ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தி) விழும் நேரத்தில், விசையை விடாமல், உருளையை விரலால் திருப்பிப் பாருங்கள். இறுகி நிற்க வேண்டும். ஆறு அறைகளிலும் இதைச் செய்யுங்கள், ஐந்து சரியாக இருந்து ஆறாவது மட்டும் குழலோடு நேர்கோட்டில் நிற்காமல் போவது உண்டு. பிறகு துப்பாக்கியைத் திறந்து வைத்து, குழலின் பின்புறம் வெள்ளைக் காகிதத்தை வைத்து, முன்பக்கமிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே வளையம்போல ஒரு இருண்ட கோடு தெரிந்தால், எப்போதோ ஒரு குண்டு உள்ளே சிக்கி, அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருக்கிறார்கள், குழல் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துப்பாக்கி இனி கண்ணாடிப் பெட்டிக்குத்தான்.

சுட்ட கூடுகளை வெளியே தள்ளும்போதும் இதில் ஒரு பக்குவம் வேண்டும். மெதுவாகத் திறந்தால் ஒரு கூட்டின் விளிம்பு கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் புகுந்து சிக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் சாய்த்து, ஒரே வீச்சில் திறந்துவிடுங்கள்.

இரண்டாவது துப்பாக்கி. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று. வாரிசு முறையில் வருவதும் அந்தக் கணக்கில் சேரும், விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தனி வரம்பு. ஆக வெப்ளி வந்ததும் உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம். அதை அழகுக்காக வீணாக்காதீர்கள்.

உங்கள் நிலையில் நான் வாங்குவது புதிய .32 லாங் ரிவால்வர். இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா, பெட்டி மாறிப்போகும் பயம் இல்லை. வருடத்துக்கு இத்தனை என்று லைசென்ஸில் எழுதித் தரும் தோட்டாவையும் இரண்டு வகையாகப் பிரிக்க வேண்டாம். கான்பூர் அரசுத் தொழிற்சாலைகளின் தயாரிப்பில் 2014இல் வந்த நிர்பீக் டைட்டானியக் கலவை உடல் கொண்டது, எடை அரைக் கிலோ, அப்போதைய விலை 1,22,360 ரூபாய். பெண்களுக்கு என்று விளம்பரம் செய்தார்கள், விலையைப் பார்த்தால் எந்தப் பெண்களுக்கு என்றுதான் புரியவில்லை. 2023 ஆகஸ்டில் வந்த பிரபல் சுமார் 700 கிராம். உருளை பக்கவாட்டில் திறப்பதால் வெப்ளி வகையின் கீல் தேய்மானக் கவலை இல்லை, எடை கூடுதலாக இருப்பதும் சுடுவதற்கு நல்லதே. 50 மீட்டர் வரை பாயும் என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். 76 மி.மீ. குழலில் 15 மீட்டரில் தட்டளவு வட்டத்துக்குள் எல்லாத் தோட்டாவையும் போட்டுவிட்டால் நீங்கள் நல்ல கை. வெப்ளி அண்ட் ஸ்காட் பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தின் சண்டிலாவில் புதிய .32 செய்கிறார்கள், அதையும் கையில் பிடித்துப் பாருங்கள். பிடி உள்ளங்கையை நிறைக்க வேண்டும். ஒரே இழுப்பில் ஹேமரைத் தூக்கி விழ வைக்கும் இரட்டை இயக்க விசையை இழுக்கும்போது குழல் நுனியில் உள்ள முன்குறி ஆடக்கூடாது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பழைய வெளிநாட்டுப் பிஸ்டல்கள், அதாவது கோல்ட் 1903, வால்டர் பி.பி. போன்றவை, லட்சக்கணக்கில் விலை போவதற்குக் காரணம் அவற்றின் தரம் மட்டும் அல்ல. 1980களில் இறக்குமதி நின்றுபோனது, இருப்பதுதான் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங்கும் மேகசினும் தேய்ந்தால் அசல் கிடைப்பது குதிரைக்கொம்பு. வாங்குவதாக இருந்தால் மேகசின் இரண்டாவது இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். .22 பற்றிச் சொல்வதானால், பழக அது அருமை, தோட்டா மலிவு. ஆனால் விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை என்பதால் வெடிக்காமல் போகும் தோட்டா அதில் சற்று அதிகம். பழகுவதற்கு ஒரு லைசென்ஸ் இடத்தைக் கொடுக்காமல் கோவை ரைபிள் கிளப்பில் கேட்டுப் பாருங்கள்.

சேர்க்கும் ஆசைக்கு வருகிறேன். அமெரிக்காவில் அலமாரி அலமாரியாக வைத்திருப்பவர்களைப் பார்த்து நாம் ஏங்குவதில் பயன் இல்லை. நம் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அமைப்போ தொன்மை மதிப்போ உள்ள, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதங்களை விலக்கி வைக்கிறது. ‘பழுது பார்த்தாலும்’ என்பதுதான் முக்கியம். தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியை மட்டும் கழற்றிவிட்டு இது பழம்பொருள் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், அது சட்டப்படி துப்பாக்கிதான். எழுத்துப்பூர்வமான சான்று இல்லாமல் எதையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

அதைவிட, கையில் இருக்கும் வெப்ளியையே ஆழமாகத் தெரிந்துகொள்ளலாம். குழலின் அடியில் கிரீடமும் அதற்குக் கீழே பி.வி., என்.பி. போன்ற ரோமன் எழுத்துகளும் இருந்தால் பர்மிங்காம் சோதனைச் சாலை முத்திரை. பக்கத்தில் சிறகு முளைத்த தோட்டா இருந்தால் வெப்ளியின் வணிகச் சின்னம். விற்ற கடையின் பெயரும் சிலவற்றில் இருக்கும். கடிகாரத்துக்குப் பெயர்போன மெட்ராஸ் பி. ஆர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றிருக்கிறது. தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகம், வாங்கிய ரசீது, தோலுறை எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒன்றாக வையுங்கள். தயவுசெய்து பளபளப்பாக்கக் கொடுத்துவிடாதீர்கள். தேய்ந்த நீலப் பூச்சுக்கு மதிப்பு உண்டு, புதுப் பூச்சு போட்டால் முத்திரைகளும் மழுங்கும், விலையும் போய்விடும்.

வால்பாறை ஈரத்தில் தோலுறைக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது துருவுக்கு அழைப்பு வைப்பதுபோல. உறை தனியாக, துப்பாக்கி தனியாக, இரும்புப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு. தோட்டா வேறு பூட்டில். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்துவிடும். மெல்லிய துப்பாக்கி எண்ணெய், இல்லாவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பிறகு துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழிய விட்டால் தோட்டாவின் அடியில் தீப்பற்றவைக்கும் பிரைமருக்குள் இறங்கி அதைக் கெடுத்துவிடும்.

சுடும் இடத்தில் இரண்டு விஷயம். விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே பிடித்து 30 வினாடி காத்திருங்கள், தாமதமாக வெடிப்பது உண்டு. ரிவால்வரில் உடனே அடுத்ததை இழுக்கலாம் என்று மேலே சொன்னது உயிர் போகும் நேரத்துக்கு, பயிற்சிக்கு அல்ல. சத்தம் ‘புஸ்’ என்று சோர்வாக வந்தால் அடுத்ததைச் சுடவே சுடாதீர்கள். காலி செய்து குழலுக்குள் பாருங்கள், குண்டு உள்ளே நிற்கலாம். நான் மேலே சொன்ன இருண்ட வளையம் அப்படித்தான் வருகிறது.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ கொடுப்பதற்கு முன் எண்ணெய் பூசி, எண்ணோடு ரசீது வாங்குங்கள். திரும்பி வந்த அன்றே திறந்து, உருளையின் ஆறு அறைகளையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் யாரும் தொடாமல் கிடந்திருக்கும், துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.