பள்ளி நாட்களில் வீட்டில் யாருக்குமே நேரம் போதவில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேட்டவர் வீட்டில் 8 வயதுப் பையன், 14 வயதுப் பெண். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். காலையில் கத்தல், மாலையில் வீட்டுப்பாடச் சண்டை, பெண்ணின் அறையில் விளக்கு அணைய நள்ளிரவு ஆகிறது, விடுமுறை நாளில் நால்வரும் அலுத்துக் கிடக்கிறோம் என்று எழுதியிருக்கிறார். பையனுக்கு வாரத்தில் நான்கு நாள் ஏதாவது ஒரு வகுப்பு, பெண்ணுக்குத் தினமும் டியூஷன். "எங்களுக்குத்தான் நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லையா?" என்பது கடைசி வரி.

திட்டமிடத் தெரியாமல் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அது 24 மணி நேரத்துக்குள் அடங்காது, அவ்வளவுதான்.

பையனை எடுத்துக்கொள்வோம். 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் பரிந்துரைத்தது. நாம் 10 என்று வைப்போம். பள்ளி, போக வர எல்லாம் சேர்த்து 8. மீதி 6. பல் துலக்கி, குளித்து, உடுத்தி, வீட்டில் இரண்டு வேளை உட்கார்ந்து சாப்பிட 2 (8 வயதுக்காரர்கள் ஒரு சாக்ஸ் போட எடுத்துக்கொள்ளும் நேரம் எந்த அட்டவணைக்கும் அடங்காது, அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்). மீதி 4. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மீதி 3. வீட்டுப்பாடம் ஒரு மணி நேரம், வகுப்புக்குப் போய்த் திரும்ப ஒன்றரை. மிச்சம் அரை மணி. கார்ட்டூன், அக்காவோடு சண்டை, சும்மா தரையில் படுத்துக் கூரையைப் பார்ப்பது எல்லாம் அந்த அரை மணிக்குள் நடந்தாக வேண்டும்.

பெண்ணின் கணக்கு இன்னும் மோசம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். 9 வைத்து, மற்றதை எல்லாம் கழித்து, வீட்டுப்பாடத்துக்கு 2, டியூஷனுக்கு 2 போட்டால் மீதி பூஜ்யம். கைபேசியைத் தொடவே அவளுக்கு நேரம் இல்லை. ஆனால் தொடுகிறாள். அந்த நேரம் எங்கிருந்து வருகிறது?

தூக்கத்திலிருந்துதான். கேட்டபோதெல்லாம் கைமாற்றுக் கொடுத்துவிட்டு வாய் திறக்காத சொந்தக்காரர் மாதிரி அது. பள்ளியில் கைவைத்தால் ஆசிரியர் கேட்பார், வகுப்பில் கைவைத்தால் கட்டிய பணம் உறுத்தும். தூக்கத்தில் அரை மணி எடுத்தால் அன்றைக்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. அப்புறம் காலையில் எழ மறுப்பது, ஒன்றுமில்லாததற்கு அழுகை, தெரிந்த கணக்கிலேயே தப்பு என்று வேறு பெயரில் வந்து நிற்கும். அதைக் கொண்டுபோய் யாரும் தூக்கத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. "சோம்பேறி ஆயிட்டான்" என்று முடித்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் இரண்டு பேர். பெரியவள் பதினாறை நெருங்குகிறாள், சின்னவனுக்குப் பத்து. நாங்கள் செய்வது ஒன்றே ஒன்று: தாளில் தூக்கத்தை முதலில் எழுதிவிடுகிறோம். மற்றது எல்லாம் மிச்ச இடத்தில் உட்கார்ந்தால் உட்காரலாம், இல்லாவிட்டால் வெளியே போகலாம். காலை ஆறரைக்கு எழ வேண்டியவன் எட்டரைக்குப் படுக்கையில். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இதைத் தடுப்பது பெரும்பாலும் பிள்ளை இல்லை, பெரியவர்கள்தான். எட்டு மணிக்கு வீடு திரும்பும் என் கணவருக்குப் பையனோடு அரை மணி நேரம் விளையாட வேண்டும். நியாயமான ஆசை. ஆனால் தூங்கப்போகும் நேரத்தில் ஒருவர் வந்து குதிரை ஏற்றினால் அப்புறம் அவன் தூங்க ஒன்பதரை ஆகிவிடும். பேசிப் பார்த்ததில், காலையில் அவனைப் பள்ளியில் விடுவது அவர் வேலையானது. அப்பா, பிள்ளை பேச்செல்லாம் இப்போது வண்டியில். எனக்கும் காலையில் ஒரு வேலை குறைந்தது. அதை நான் பெரிதாக வெளியே சொல்வதில்லை.

உங்கள் பெண் விஷயம் வேறு. 14 வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் நகர்கிறது. இரவு ஆகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் பருவ வயதில் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் அவளால் முடியாது, நடிக்கத்தான் முடியும். காலையில் எழுப்பும்போது அவள் உடம்புக்கு அது இன்னும் நடு இரவு. இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று 2014-இல் கேட்டுக்கொண்டது. சியாட்டில் நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7:50-இலிருந்து 8:45-க்கு மாற்றியது. "காலையில் கூடுதல் நேரம் கொடுத்தால் இரவில் கூடுதல் நேரம் விழித்திருப்பார்கள்" என்றுதானே நாமெல்லாம் சொல்வோம்? மாணவர்கள் கையில் கருவியைக் கட்டி அளந்து பார்த்தார்கள். தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. கிடைத்த நேரத்தில் பாதிக்கு மேல் தூங்கித்தான் தீர்த்திருக்கிறார்கள்.

நம்மால் பள்ளி மணியை மாற்ற முடியாது. காலையில் செய்வதை முந்தின இரவுக்குத் தள்ளலாம். பெரியவள் குளியலை இரவுக்கு மாற்றிக்கொண்டாள், பையும் உடுப்பும் இரவே தயார், எழுந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் நிற்கிறாள். எழுந்தவுடன் திரையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விடுவது நல்லது. காலை வெளிச்சம்தான் அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சமாவது முன்னால் இழுக்கும். விடுமுறை நாளில் மதியம்வரை தூங்கவிட்டால் அது மறுபடியும் பின்னால் போகும், திங்கட்கிழமை போர்க்களம் ஆகும். வழக்கத்தைவிட ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம் கூடுதல் என்பது எங்கள் எல்லை. பள்ளி விட்டு வந்து இருபது நிமிடக் குட்டித் தூக்கம் போட்டால் தடுக்க மாட்டேன். மாலை ஆறு மணிக்கு மேல் என்றால் எழுப்பிவிடுவேன்.

கைபேசி பற்றி நீளமாகப் பேச விருப்பமில்லை. இரவில் எல்லார் கைபேசிக்கும் கூடத்தில் சார்ஜர். என்னுடையதும் அவருடையதும் அங்கேதான். பெரியவர்களுடையது படுக்கையறைக்குள் போகும் வீட்டில் இந்த விதி ஒரு வாரம் தாங்காது. "அலாரத்துக்கு வேணும்" என்பார்கள். அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கிவிடுங்கள்.

அடுத்து வீட்டுப்பாடம். டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பரும் அவர் குழுவினரும் அதுவரை நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2006-இல் அலசினார்கள். பெரிய வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் ஓரளவு தொடர்பு தெரிந்தது; ஆரம்ப வகுப்புகளில் அது மிகவும் மெலிந்திருந்தது. ஒரு வகுப்புக்கு 10 நிமிடம் என்ற அளவு புழக்கத்தில் இருக்கிறது: மூன்றாம் வகுப்புக்கு 30 நிமிடம், ஆறாம் வகுப்புக்கு 60. உங்கள் பையனுக்கு அரை மணிக்கு மேல் இழுத்தால், அவன் மெதுவானவன் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவன் எந்த நேரத்தில், எந்த நிலையில் உட்காருகிறான் என்று பாருங்கள். இரவு எட்டு மணிக்குச் செய்யும் பத்துக் கணக்கும் மாலை ஐந்து மணிக்குச் செய்யும் பத்துக் கணக்கும் ஒன்றல்ல. அப்படியும் முடியாவிட்டால், "அரை மணி நேரம் முயன்றான், இவ்வளவு முடிந்தது" என்று நோட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். நான் எழுதி நிரப்ப மாட்டேன். வகுப்பில் பாதிப் பேருக்கு என்ன புரியவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிய வேண்டாமா? அம்மாக்களின் கையெழுத்தைத் திருத்துவதற்கா அவர் இருக்கிறார்?

பெண்ணுக்கு நேரம் மிச்சமாகும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு பிரிவு பாடத்தைத் திரும்ப வாசித்தது, இன்னொரு பிரிவு மூடிவைத்துவிட்டு நினைவுக்கு வந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். பரீட்சை பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஒரு மணி நேரம் புத்தகத்தை வெறித்துப் பார்ப்பதற்குப் பதில் அரை மணி நேரம் மூடிவைத்து எழுதிப் பார்த்தால் போதும் என்று நான் சொன்னபோது பெரியவள் நம்பவில்லை. கஷ்டமாக இருந்ததால், இது படிப்பே இல்லை என்று நினைத்தாள். இப்போது அறிவியலுக்கு மட்டும் செய்கிறாள். வரலாற்றுக்கு இன்னும் மனசு வரவில்லை.

காலைக் கத்தலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கத்தல் நேரத்தால் வந்ததைவிட ஞாபகத்தால் வந்தது அதிகம். "ஐடி கார்டு எடுத்தியா? தண்ணி பாட்டில்? இன்னைக்கு விளையாட்டு பீரியட் இருக்கே, அந்த ஷூ எங்கே?" இதை ஒருவரே மண்டைக்குள் சுமந்துகொண்டு நால்வருக்கும் சொல்லிக்கொண்டிருந்தால் ஏழரை மணிக்குக் குரல் உயரத்தான் செய்யும். திட்டமிடுவதைப் பார்த்துக்கொள்ளும் முன்மூளை முழுதாக முதிர இருபது வயதும் தாண்டும் என்கிறார்கள். எனவே சின்னவனிடம் "உனக்கே ஞாபகம் இருக்க வேண்டாமா" என்று கேட்பதில் பயனில்லை. கதவின் உள்பக்கம், அவன் கண் மட்டத்தில் ஒரு தாள். திங்கள் முதல் வெள்ளிவரை எந்த நாளுக்கு என்ன. எழுதியது அவனேதான், எழுத்துப்பிழையோடு. நான் கேட்பது "கதவைப் பார்த்தியா?" என்ற ஒரு கேள்வி மட்டும். மறந்துபோனால் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது கிடையாது. மூக்குக் கண்ணாடி, மருந்து, சாப்பாடு தவிர.

இரவு ஒன்பது மணிக்கு "அம்மா, நாளைக்கு சார்ட் பேப்பர் வேணும்" என்பதை எந்தத் தாளாலும் நிறுத்த முடியாது. ஒரு இழுப்பறையில் சார்ட், பசை, நூல், நாலைந்து பழைய படங்கள் எப்போதும் கிடக்கட்டும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவை யார் படிப்பது என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். சின்னவன் பள்ளியிலிருந்து வரும் எல்லாமும் அவர் பார்வைக்கு, பெரியவளுடையது எனக்கு. கட்டணக் கெடு, பெற்றோர் கூட்டம், தடுப்பூசிப் படிவம் எல்லாம் அதில் அடக்கம். முதலில் சிலது தவறும். தவறினால் நான் எடுத்துச் செய்யாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய வேலை.

சரி, எதை வெளியே தள்ளுவது? பையனின் நான்கு நாள் வகுப்பில் இரண்டை எடுத்துவிட்டு அந்த நேரத்தை வெட்ட வெளியில் விடுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிட வெளி வகுப்பு. மூன்று ஆண்டுகளில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவீதம், மற்றப் பள்ளிகளில் ஏறக்குறைய 40. கண்ணாடி போடும் நாளைத் தள்ளிப்போடும் ஒரு வகுப்பைக் காசு கொடுத்துக்கூட வாங்க முடியாது. இது சும்மா கிடைக்கிறது. எந்த இரண்டு வகுப்பு என்பதை அவனிடமே கேளுங்கள். நீங்கள் மிகவும் ஆசைப்பட்டுச் சேர்த்ததைத்தான் அவன் முதலில் சொல்வான், அதற்கும் தயாராக இருங்கள்.

பெண்ணின் டியூஷனை முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் எல்லாப் பாடத்துக்கும் தேவையா என்று பாருங்கள். அவள் தானாகப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கும் பாடத்துக்கும் போய் உட்கார்ந்திருந்தால் அது அவளுக்காக இல்லை, நம் நிம்மதிக்காக.

பரீட்சை மாதத்தில் இதெல்லாம் குலையும். எங்களுக்கும் குலைகிறது, அப்போது சரிசெய்ய உட்காருவதில்லை. முடிந்த பிறகு, படுக்கும் நேரத்தை ஒரே நாளில் ஒன்றரை மணி முன்னால் இழுக்காமல், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடமாக நகர்த்துங்கள். அதுவரை காலையில் கொஞ்சம் முறைத்துக்கொள்வார்கள். பதில் பேசாமல் கதவைக் காட்டினால் போதும்.