லாங் ரன்ல என்ன சாப்பிடறது, எந்த வேகத்துல ஓடறது: உங்க கேள்விகளுக்கு பதில்

மாரத்தான் ட்ரெயினிங்ல இருக்கறவங்க நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா பதில் போடறேன்.

கேள்வி: அக்கா, 25 கிமீ வரைக்கும் நல்லா ஓடறேன், அதுக்கப்புறம் கால் கனத்துப் போயி நகரவே மாட்டேங்குது. ஸ்டாமினா பத்தலையா?

பதில்: ஸ்டாமினா மேல பழி போடாதீங்க தம்பி. தசையிலயும் கல்லீரல்லயும் சேர்த்து நம்ம கிட்ட இருக்கற கிளைகோஜன், அதாவது உடம்பு சேத்து வெச்சிருக்கற சர்க்கரை, சுமாரா 500 கிராம் தான், அதாவது 2000 கலோரி. ஓடறதுக்கு ஆகற செலவு கிமீக்கு, ஒரு கிலோ எடைக்கு, கிட்டத்தட்ட 1 கலோரி, அப்படிப் பாத்தா 70 கிலோ ஆளுக்கு 42.195 கிமீக்கு 2900க்கு மேல போயிடும். மிச்சத்த கொழுப்பு குடுக்கும், ஆனா வேகம் ஏற ஏற உடம்பு கிளைகோஜனத் தான் அதிகமா எடுக்கும். அதனால ஆரம்பத்துல வேகமா போனா 25ல காலி. முதல் ஜெல் (ஓடும்போது சாப்பிடற கெட்டியான சர்க்கரைப் பாகு பாக்கெட்) எப்ப எடுத்தீங்கன்னு எழுதவே இல்லையே? பசிச்சப்புறம் எடுத்தா லேட்டு. 30-40 நிமிஷத்துல முதல் ஜெல், அப்புறம் அதே இடைவெளில, மணிக்கு 30லேர்ந்து 60 கிராம் கார்ப் (மாவு, சர்க்கரைச் சத்து) உள்ள போகணும். பெரும்பாலான ஜெல்லுல 20-25 கிராம் இருக்கும், பாக்கெட் பின்னாடி பாத்துக்கோங்க.

கேள்வி: ரேஸ்ல கிமீக்கு 5:40 நிமிஷத்துல போகணும்னு டார்கெட். லாங் ரன்னும் அதே வேகத்துல தான் ஓடறேன், சரிதானே?

பதில்: சரியில்ல. 6:30லேர்ந்து 7:00க்குள்ள ஓடுங்க, பக்கத்துல வர்றவங்க கிட்ட முழு வாக்கியமா பேச முடியணும். வெயில்ல கடைசி ஒரு மணி நேரம் அதே வேகத்துலயே ஹார்ட் ரேட் மட்டும் ஏறிக்கிட்டே போகும், அப்ப வாட்சுல காட்டற பேஸ (கிமீக்கு ஆகற நேரத்த) விட்டுட்டு மூச்ச கவனிச்சு ஸ்லோ பண்ணுங்க. ரேஸ் பேஸ் வேணும்னா ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவ கடைசி 8-10 கிமீ மட்டும் வெச்சுக்கோங்க, அதுவே போதும்.

கேள்வி: ஜெல் எடுத்தாலே குமட்டுதுக்கா. விட்டுடலாமா?

பதில்: விடாதீங்கமா, இது பழக்கத்துல சரியாகக் கூடியது. ஓடும்போது ரத்தம் காலுக்குத் தான் போகும், குடலுக்குக் குறைவா தான் வரும், அந்த நேரத்துல கெட்டியான சர்க்கரைய மொத்தமா உள்ள தள்ளினா அது அப்படியே தங்கிக் குமட்டும். பாதி ஜெல்ல வாயில விட்டு, ரெண்டு மூணு மடக்கு தண்ணி குடிச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு மீதிய எடுங்க. தண்ணியோட மட்டும் தான், ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கோட சேத்து எடுக்காதீங்க. ஒவ்வொரு லாங் ரன்லயும் இப்படியே பண்ணிட்டு வந்தா சில வாரத்துல குடல் பழகிடும், லாங் ரன்ங்கறது காலுக்கு மட்டுமில்ல வயித்துக்கும் ட்ரெயினிங் தான். இன்னொண்ணு, குளுக்கோஸ் மட்டும்னா மணிக்கு 60 கிராம் கிட்ட தான் குடல் உறிஞ்சும், ஃபிரக்டோஸ் வேற வழியா போறதால ரெண்டும் கலந்த ஜெல்லுன்னா 90 வரைக்கும் தாங்கும், ஆனா எடுத்தவுடனே அங்க போகாதீங்க. ஜெல்லே ஒத்துக்கலன்னா பேரீச்சம்பழம், வாழைப்பழம்னு முயற்சி பண்ணலாம்.

கேள்வி: தண்ணி எவ்வளவு?

பதில்: ஓடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க. 1 கிலோ குறைஞ்சா குடிச்சது போக சுமாரா 1 லிட்டர் வேர்வை போயிருக்கு. எடை கூடியிருந்தா அளவுக்கு மீறி குடிச்சிருக்கீங்க, ரத்தத்துல சோடியம் இறங்கிடும், அது ஆபத்து. ஓடி முடிச்சப்புறம் தலவலி, வாந்தி, குழப்பம் இருந்தா மேல மேல தண்ணி குடுக்காம உடனே ஆஸ்பத்திரி போங்க. வலி மாத்திரை போட்டுட்டு ஓடற பழக்கமும் வேணாம், கிட்னிக்கு கெடுதல்.

கேள்வி: இன்சுலின் போடறேன், இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பதில்: மேல சொன்ன அளவ அப்படியே எடுத்துக்காதீங்க சார், உங்க டாக்டர் கிட்ட டோஸ், கார்ப் ரெண்டையும் பேசி முடிச்சிட்டு அப்புறம் லாங் ரன் போங்க.

கேள்வி: ரேஸ்ல முதல் பாதிய வேகமா ஓடி டைம் சேத்து வெச்சுக்கலாமா ப்ரோன்னு ஃப்ரெண்டு கேக்கறான்.

பதில்: வேணாம்னு சொல்லுங்க. 2023 சிகாகோ மாரத்தான்ல கென்யா ஓட்டக்காரர் கெல்வின் கிப்டம் 2:00:35 மணி நேரத்துல ஓடினப்ப முதல் பாதி 60:48 நிமிஷம், ரெண்டாவது பாதி 59:47. முதல் 5 கிமீ டார்கெட்ட விட கிமீக்கு 5-10 செகண்ட் ஸ்லோவா போகச் சொல்லுங்க, எல்லாரும் முந்திட்டுப் போவாங்க, போகட்டும், 30 கிமீ தாண்டி பாதி பேர பிடிச்சிடலாம்.