பாதியில் நிற்கும் தடுப்புச் சுவர்

வீட்டுக்கு மேலே உள்ள சரிவில் மண் சரியாமல் தடுக்கும் சுவர் பாதியில் நிற்க, கணக்கில் பணி முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ‘ஏன் முடிக்கவில்லை?’ என்று கேட்டு மனு போடாதீர்கள்; மழுப்பலான பதில்தான் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, செலவு மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் மூன்றின் நகலையும் கேளுங்கள். அளவுப் புத்தகம்தான் முக்கியம். எத்தனை மீட்டருக்குப் பணம் கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். நாடாவைப் பிடித்து நீங்களே சுவரை அளந்துவிடலாம். நீர் வடியத் துளைகள் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எங்கள் குன்னூர்ப் பக்கச் சரிவில் அவை இல்லாத சுவர் ஐப்பசி மழையில் வயிறு தள்ளி நின்றதைப் பார்த்திருக்கிறேன். பணியை நேரில் ஆய்வு செய்யவும் அந்தச் சட்டத்தின் பிரிவு 2(j) இடம் தருகிறது. 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.