நல்ல சமாரியனும் ஒரு நாயும்

வணக்கம் ஐயா,

டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'நல்ல சமாரியன்' (1633) அச்சோவியத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். எரிகோ சாலையில் கள்வரிடம் அடிபட்டவனைச் சமாரியன் ஒருவன் சத்திரத்தில் சேர்க்கும் இயேசுவின் உவமைதான் காட்சி. அடிபட்டவனைக் குதிரையிலிருந்து இறக்குகிறார்கள். நம் கண்ணுக்கு நேரே ஒரு நாய் மலம் கழித்துக்கொண்டிருக்கிறது! சன்னலில் இறகுத் தொப்பிக்காரன் ஒருவன். எரிகோ சாலைக்கு இவையெல்லாம் எப்படி வந்தன? பரோக் (பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாணி) கலைஞர்களுக்கு வரலாற்று உணர்வு கிடையாதா, அல்லது இது வேதத்தைக் கேலி செய்வதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேலி இல்லை. லூக்கா தம் நற்செய்தியில் அந்தச் சத்திரத்தை ஒரே வரியில் கடந்துவிடுகிறார். அங்கே அந்த நேரத்தில் வேறு என்னென்ன நடந்துகொண்டிருக்கும் என்று ரெம்பிராண்ட் யோசிக்கிறார். ஒரு பெண் கிணற்றில் நீர் இறைக்கிறாள். ஒரு பையன் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். படிக்கட்டின் மேலே சமாரியன் சத்திரக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறான். நாய்க்கு இதில் எந்த அக்கறையும் இல்லை. தெருநாய்க்கு ஏன் இருக்க வேண்டும்? அன்றைய டச்சுச் சீர்திருத்தத் தேவாலயங்களில் படங்களுக்கு இடமில்லை. விவிலியக் காட்சிகள் வீட்டுக்குத்தான் போயின, அதுவும் ஓவியத்தைவிட விலை குறைந்த அச்சுத் தாளாக. வாங்குகிறவருக்குத் தன் ஊர்ச் சத்திரம் தெரியும்; எரிகோ தெரியாது.

வரலாற்று உணர்வு இல்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1656இல் அவர் செய்த 'ஆபிரகாம் தூதர்களை உபசரித்தல்' படத்தைப் பாருங்கள். கடவுளும் இரு தூதர்களும் ஆபிரகாமின் கூடாரத்துக்கு விருந்தினராக வரும் விவிலியக் கதை அது. விருந்தினர் தரையில் விரிப்பின் மேல் அமர்ந்திருக்கிறார்கள். நடுநாயகமாக, நீண்ட தாடியுடன் கடவுள். இந்த அமைப்பு ஒரு மொகலாயச் சிற்றோவியத்திலிருந்து வந்தது: மரத்தடியில் கூடியிருக்கும் நான்கு முல்லாக்கள். அதைப் பார்த்து ரெம்பிராண்ட் வரைந்த பிரதி இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட மொகலாய ஓவியங்களை அவர் பிரதி எடுத்திருக்கிறார்.

ஆபிரகாம் போன்ற ஆதி பிதாக்களின் கீழ்த்திசை எப்படி இருந்திருக்கும் என்று அவர் உண்மையிலேயே தேடியிருக்கிறார். ஆனால் அவர் கைக்கு எட்டிய கீழ்த்திசை, கிழக்கிந்திய வணிகம் ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுவந்த கீழ்த்திசை, ஷாஜகான் காலத்தது. டச்சுச் சத்திரம் எவ்வளவு சமகாலமோ, அவ்வளவு சமகாலம். அப்படியும் கூடாரத்தை விட்டுவிட்டு, கதவும் வாசற்படியும் வைத்த வீடு ஒன்றைத்தான் ஆபிரகாமுக்குக் கொடுத்திருக்கிறார்!

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தின் தளத்தில் இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். புத்தக நகலில் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கும் ஆபிரகாமின் மனைவி சாராள் சரியாகத் தெரிய மாட்டாள்.