ஏழு நாள் மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாகப் போடலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறேன். தைராய்டு குறைவு என்று தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரை தந்திருக்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கே கிளம்புவதால் வாரத்தில் மூன்று நாளாவது மறந்துவிடுகிறது. கடைசி டெஸ்டில் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 14. டாக்டர் திட்டினார். "ஏழையும் ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் போட்டுவிடு, எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் செய்கிறார்" என்கிறார் என் மைனி. செய்யலாமா? மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிடலாமா? - வாசகி, குலசேகரம்

பதில்: உங்கள் மைனி சொன்னது கட்டுக்கதை இல்லை. அப்படி ஒரு முறை உண்டு. ஆனால் நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

நீங்கள் போடும் தைராய்டு மருந்தான லெவோதைராக்சின் உடம்பை விட்டு மிக மெதுவாகத்தான் வெளியேறும். இன்று விழுங்கியதில் ஏறக்குறைய பாதி, அடுத்த வாரம் இதே நாளிலும் உடம்பில் இருக்கும். ஒருநாள் விட்டால் உடனே எதுவும் தெரியாமல் போவதும் அதனால்தான். மாத்திரையைத் தினமும் போடவே முடியாதவர்களுக்கு ஒரு வார அளவை மொத்தமாகக் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2014 வழிகாட்டுதலும் சொல்கிறது. மறதி அதிகமுள்ள சிலருக்கு, செவிலியர் முன்னிலையில் விழுங்க வைத்து இப்படிக் கொடுப்பார்கள்.

உங்கள் கணக்கில் அது 525 மைக்ரோகிராம். போட்ட சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஹார்மோன் அளவு சட்டென்று ஏறி, பிறகு இறங்கும். நல்ல இதயம் பொதுவாக அதைத் தாங்கிவிடும். இதய நோய், படபடப்பு உள்ளவர்கள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் இதை நினைக்கவே கூடாது. பிரஷர், நெஞ்சுவலி பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அது தெரியாமல் "சரி, போடுங்கள்" என்று நான் எழுதினால் அது பெரிய தப்பு.

நான் மார்த்தாண்டம் பக்கம் இருபது வருடமாக வைத்தியம் பார்க்கிறேன். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் மாத்திரையை விடுவது சோம்பலால் அல்ல என்று எனக்குத் தெரியும். எழுந்ததும் ஒரு கட்டன் காப்பி, தலையில் லைட்டு, கையில் கத்தி, கிளம்பிவிடுவீர்கள். வெறும் வயிற்றில் போட்டு அரைமணி, ஒரு மணி நேரம் காத்திருக்க அங்கே நேரம் ஏது? அந்தக் காப்பியோடு சேர்த்து விழுங்கினாலும் மருந்து சரியாக உடம்பில் சேராது. உங்கள் டிஎஸ்எச் 14-க்கு மறதியோடு காப்பிக்கும் பங்கு இருக்கலாம்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். மாத்திரை பாட்டிலைத் தலை லைட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். லைட்டை எடுக்கும்போதே ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் வெறும் தண்ணீர். காப்பியைப் பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுபோய், ஒரு மணி நேரம் வெட்டிய பிறகு குடியுங்கள். கால்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ போடுவதாக இருந்தால் நாலு மணி நேரமாவது தள்ளி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. காலை ஒத்தே வராதென்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்தும் போடலாம். ஆனால் நீங்கள் எட்டரைக்கே படுப்பவராக இருந்தால் அது நடக்காது.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்து இரண்டு போடலாமா என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். இதயக் கோளாறு இல்லாத பலருக்கு அனுமதிப்பார்கள்.

ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட். மற்ற நாளெல்லாம் விட்டுவிட்டு, டெஸ்டுக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு தயவுசெய்து போகாதீர்கள். டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) சரியாகக் காட்டும், டிஎஸ்எச் உயர்ந்தே நிற்கும், டாக்டருக்கும் குழப்பம். எத்தனை நாள் விட்டது என்று காலண்டரில் குறித்து அப்படியே காட்டுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் முடியவில்லையென்றால், "வாரம் ஒருமுறை எனக்கு ஒத்துவருமா?" என்று அவரிடமே தயங்காமல் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மரச்சீனியை நன்றாக அவித்து, தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிடுங்கள். மீன்குழம்போடுதான், வேறெப்படி! மாத்திரையை மட்டும் அதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.